வாசலோரம் ஒரு கதிரை

பல்கலைக்கழகம் மக்டலீன் யாகப்புவுக்குக் கொடுத்த அறையில் மேசை இருந்தது, கதிரைகள் இருந்தன, மேசை லாச்சியைப் பூட்டச் சாவிகூட இருந்தது. வருவதற்கு ஆட்கள்தான் இல்லை.

வாசலுக்கு மேலே மூன்றடி நீளப் பலகை. அதில் சிவப்பெழுத்தில் ‘மாணவர் உளவளத்துணைப் பிரிவு’. ஒரு பக்கம் கன்ரீன், மறுபக்கம் பதிவாளர் கந்தோர், எதிரே மாணவர் சங்கம். ரகசியமாக அழ வருகிற பெண்பிள்ளையை ஊர் நடுவில் கொண்டுவந்து இருத்துவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு யாழ்ப்பாணத்தில் இல்லை. அந்த ஏற்பாட்டுக்குச் சொந்தக்காரர் மாணவர் நலப் பணிப்பாளர் பேராசிரியர் தில்லைநாதன். திறப்பு விழாவில் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனவுறுதி போதாது என்று நாற்பது நிமிடமும், புதிய பிரிவை வாழ்த்தி ஐந்து நிமிடமும் பேசினார்.

மக்டலீன் குருநகர்க்காரி. தகப்பன் யாகப்பு கடலுக்குப் போனவர். தாய் லூர்த்தம்மா சந்தையில் மீன் விற்றவர். கன்னியர் மடத்துச் சகோதரிகள் படிப்பித்து, பெங்களூருக்கு அனுப்பி, உளவியலில் பட்டத்தோடு திருப்பி எடுத்தார்கள். ஆசிரியர் கலாசாலையில் பத்து வருடங்களுக்கு மேல் படிப்பித்துவிட்டு எண்பத்துநாலில் பல்கலைக்கழகத்துக்கு வந்து, ஐந்து வருடத்தில் முதுநிலை உளவியலாளர் ஆனார். கந்தோர்க் கடிதங்களில்தான் அந்தப் பட்டம். வளாகத்தில் அவருக்குப் பெயர் ‘விசர் மிஸ்’, பைத்தியம் பார்க்கிற மிஸ். தாய்க்காரிக்கு மகளின் உத்தியோகம் கடைசிவரை பிடிபடவில்லை.

“பெங்களூர் மட்டும் போய்ப் படிச்சது சனத்தின்ரை கதை கேக்கிறதுக்கோ? சந்தையிலை என்னோடை வந்து இருந்திருந்தாச் சும்மாவே கேட்டிருப்பாய்” என்பார் லூர்த்தம்மா.

மக்டலீனும் தாயின் வாயைத்தான் கொண்டு பிறந்தவர். பேராசிரியர்களைப் பற்றி அவர் மனதில் நினைப்பதை ஒருநாள் வாய்விட்டுச் சொன்னால் அடுத்த நாள் வேலை இராது. பத்து விரிவுரையாளர்கள் சேர்ந்து ஒரு பிள்ளைக்குச் செய்யக்கூடிய ஒரே உதவி ‘நல்லாப் படியும்’ என்று சொல்வது. அதையும் அந்தப் பிள்ளை படிக்க முடியாமல்தான் வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு சொல்வார்கள். இது மக்டலீன் கண்ட உண்மை. அவர் இதை யாருக்கும் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்திருக்கலாம்.

பலகை தொங்கும் அறையைப் பூட்டிவிட்டு, நூலகத்துக்குப் பின்னால் தாவரவியல்காரர் கைவிட்ட பழைய ஸ்ரோர் ஒன்றை அவர் துப்புரவாக்கி எடுத்தார். அதற்குப் பிறகுதான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் இருந்தது: சைக்கிள்.

தொண்ணூறுக்குப் பிறகு யுத்தம், பெற்றோல் தடை. பேராசிரியரும் சைக்கிள், பியோனும் சைக்கிள், கல்யாண மாப்பிள்ளையும் சைக்கிள். ஊர்ச் சனம் ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சைக்கிளைப் பார்க்கப் பழகியிருந்தது. மட்காட்டில் அடித்த வெள்ளைப் பெயின்ற் எவ்வளவு உரிந்திருக்கிறது, சீற்றுக்கு என்ன உறை, டைனமோ இருக்கிறதா அல்லது வீட்டில் ரேடியோவுக்குக் கழற்றியாயிற்றா என்று பார்த்தே இன்னார் இன்ன வீட்டில் நிற்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். ஸ்ரோருக்கு முன்னால் ஒரு வேப்பமரம். அதன் கீழே நிற்கும் சைக்கிள், மேல்மாடியில் தில்லைநாதனின் யன்னலுக்கு நேரே தெரியும்.

“சைக்கிளை லைப்ரரி வாசலிலை விட்டிட்டு நடந்து வாங்கோ” என்று மக்டலீன் எல்லாரிடமும் சொல்லிவைத்தார். எல்லாரும் கேட்டார்கள், ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி அருந்ததி. தில்லைநாதனின் மகள், விஞ்ஞானபீடம், மூன்றாம் வருடம். நடந்து வந்தால் வழியில் பத்துப் பேர் மறித்து ‘சேரிட்டையோ பிள்ளை போறீர்?’ என்று கேட்டு, அப்பாவின் அறைவரை கூட்டிக்கொண்டு போயும் விடுவார்கள். அவளுடைய சிவப்பு லுமாலா சைக்கிளில் வந்தால் தகப்பன் யன்னலாலேயே கண்டுபிடிப்பார். ஆகவே அவள் சினேகிதி ஒருத்தியின் சைக்கிளை இரவல் வாங்கி, குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமைகளில் பின்பக்க ஒழுங்கையால் பறந்து வந்து சேருவாள். நீல லேடீஸ் சைக்கிள். முன்கூடை நைலோன் நூலால் இறுக்கிக் கட்டியது.

அவள் வந்த காரணம் சிறியதல்ல. ஒரே அண்ணன் இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் ரியூசனுக்கென்று போனவன், திரும்பவில்லை. இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று ஊருக்குத் தெரியும். தகப்பன் மட்டும் கேட்கிறவர்களுக்கெல்லாம் ‘கொழும்பிலை சீ.ஏ. படிக்கிறான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் அவன் பெயரை எடுக்கக்கூடாது. அதை எடுப்பதற்காகத்தான் மகள் கிழமைக்கொரு தடவை இரவல் சைக்கிளில் வந்தாள். ஒன்றரை மணித்தியாலம் முகம் துடைக்கும் கைலேஞ்சியை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்து, அண்ணனைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போவாள்.

சைக்கிளின் சொந்தக்காரி பராசக்தி. சினேகிதி எங்கே போகிறாள் என்று அவள் கேட்டதில்லை. செவ்வாய் பின்னேரம் அவளுக்கு ஆய்வுகூடம், சைக்கிள் சும்மா நிற்கிறது, கொடுத்தாள். அவள் தன் பாட்டில் வெள்ளிக்கிழமைகளில் நடந்து வந்து அதே கதவைத் தட்டுகிறாள் என்பதும் அருந்ததிக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் மக்டலீன்.

பராசக்தியின் ஊர் அளவெட்டி. தொண்ணூறில் இடம்பெயர்ந்து, தாய் தகப்பன் கரவெட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் இருந்தார்கள். இவள் வளாகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துப் படித்தாள். கெட்டிக்காரி என்று பெயர். அந்தக் கெட்டிக்காரி இரண்டு தடவை பரீட்சை மண்டபத்துக்குள் போய், பேப்பரில் சுட்டெண்ணை மட்டும் எழுதி, அரை மணித்தியாலத்தில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். இன்னும் ஒரு தடவைதான் இருந்தது. அதையும் விட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள்.

“என்ன நடந்தது?” என்று முதல்நாள் மக்டலீன் கேட்டார்.

“தெரியேல்லை மிஸ். கேள்வி எல்லாம் தெரிஞ்ச கேள்விதான்.”

“எத்தினையாம் நிமிசத்திலை தொடங்கினது?”

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். இதுவரை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் ‘ஏன்’ என்றுதான் கேட்டார்கள்.

“கதவு சாத்தினாப் பிறகு” என்றாள். “அரை மணித்தியாலத்துக்கு ஒருத்தரும் வெளியிலை போகேலாதெண்டு சொல்லிச் சாத்துவினம். அந்தச் சத்தம் கேட்டோடனை மூச்சு... மூச்சு மேலை வரேல்லை.”

“முந்தி எங்கை அப்பிடி வந்தது?”

பராசக்தி சொன்னாள். அளவெட்டியில், வீட்டு வளவுப் பங்கரில். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பதுங்குகுழி. பக்கத்தில் செல் குண்டு விழுந்து வாசல் மண் சரிந்து மூடிவிட்டது. உள்ளே அவளும் சின்னம்மாவும். தோண்டி எடுக்க ஆறு மணித்தியாலம். சின்னம்மா நாலாவது மணித்தியாலத்துக்குப் பிறகு கதைக்கவில்லை.

“மிஸ், விசரெண்டு எழுதிப்போடாதேங்கோ” என்றாள் கடைசியில். “அப்பா கலியாணத்துக்கு ஒரு இடத்திலை கதைச்சு வைச்சிருக்கிறார்.”

“உமக்கு விசரில்லை. கதவைக் கண்டாத்தான் பயம். நாளைக்கு மண்டபம் சும்மாதானே கிடக்கு, வாரும், போய்ப் பாப்பம்.”

அந்த ‘நாளைக்கு’ மூன்று கிழமை நீண்டது. ஆளில்லாத மண்டபத்தில் மக்டலீன் அவளை நடுவில் இருத்தினார், கதவைக் கையளவு சாத்தினார், பிறகு பாதி. பிள்ளையின் மேலுதட்டில் வேர்வை அரும்பியவுடன் திறந்தார். கதிரையை ஒரு வரிசை பின்னுக்கு இழுத்தார், இன்னொரு வரிசை, இன்னொன்று. கடைசியில் வாசலோரம் வந்து, திறந்த கதவுக்குப் பக்கத்தில் இருத்தி, பழைய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தார். பராசக்தி மூன்று மணித்தியாலம் தலை நிமிராமல் எழுதினாள். வெளியே போன நாயைக்கூடப் பார்க்கவில்லை.

ஆக, ஒரு பிள்ளையின் பட்டத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் நின்றது ஒரு கதிரையின் இடம். இருபது அடி. மக்டலீன் ஒரு வரியில் கடிதம் எழுதினார்: ‘இம்மாணவிக்குப் பரீட்சை மண்டபத்தில் வாசலோரம், திறந்த கதவருகே ஓர் ஆசனம் வழங்குமாறு பரிந்துரைக்கிறேன்.’ கவரில் போட்டுப் பசை பூசி, நலப்பிரிவு எழுதுவினைஞர் நமசிவாயத்திடம் கொடுத்தார்.

பின்னேரம் நமசிவாயம் வந்து நின்றார். “மிஸ், காரணம் எழுதேல்லை.”

“நான் ஒட்டித் தந்த கவரெல்லோ அது?”

“வாசிக்காட்டி எந்த ஃபைலிலை போடுறது மிஸ்?” என்று நமசிவாயம் உண்மையிலேயே மனம் நொந்து கேட்டார். “வருத்தத்தின்ரை பெயர் இல்லாமல் பரீட்சைக் குழு எடுக்காது.”

நோயின் பெயரை எழுதினால் என்ன நடக்கும் என்று மக்டலீனுக்குத் தெரியும். நமசிவாயம் வாசிப்பார். அவருடைய மனுசி கரவெட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கதை இறங்கும். திங்கட்கிழமை பராசக்தியின் தகப்பன் கதைத்து வைத்த இடம் கைமாறிவிடும். நமசிவாயம் கெட்ட மனுசனல்ல. ஒரு செய்தியை வயிற்றில் வைத்துக்கொண்டு நித்திரை கொள்ளத் தெரியாதவர், அவ்வளவுதான்.

“பெயரில்லை எண்டு சொல்லுங்கோ” என்றார் மக்டலீன். “குழுவுக்கு நானே வாறன்.”

குழு வியாழக்கிழமை காலை கூடியது. ஏழு பேர், எல்லாரும் கலாநிதிகள், தலைவர் தில்லைநாதன். பத்து மணி என்று போட்ட கூட்டம் பத்தே முக்காலுக்குத் தொடங்கியது. தேநீரில் சீனி இல்லாததைப் பற்றிக் கால் மணித்தியாலம் கதைத்தார்கள். பிறகு பராசக்தியின் கோவையைத் திறந்தார்கள்.

“அப்ப, பிள்ளைக்கு என்ன வருத்தம்?” என்றார் தில்லைநாதன்.

“வருத்தமில்லை சேர். வாசலோரம் ஒரு கதிரை வேணும்.”

“வருத்தமில்லாட்டி என்னத்துக்குக் கதிரை?”

“இருக்கிறதுக்கு.”

யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார். பௌதிகவியல் கலாநிதி கதிரவேலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காதல் கீதலோ? இந்த வயசிலை வெறும் பேப்பர் குடுக்கிறதெண்டா வேறை என்ன?”

“காதலெண்டாலும் கதவு திறந்திருந்தா நல்லதுதானே சேர்” என்றார் மக்டலீன்.

“பகிடி விடாதேங்கோ மிஸ்” என்று தில்லைநாதன் பேனையை மூடினார். “நீங்கள் மறைச்சாலும் எனக்குத் தெரியும். நீல லேடீஸ் சைக்கிள். கூடை நைலோன் நூலாலை கட்டினது. இந்தப் பிள்ளையின்ரைதான், விசாரிச்சுப்போட்டன். மூண்டு மாசமா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் உங்கடை வேப்பமரத்துக்குக் கீழை நிக்குது. ஒண்டரை மணித்தியாலம்! மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். அவ்வளவு நேரம் வைச்சுக் கதைக்கிற வருத்தம் ஒரு கதிரையாலை மாறுமோ?”



“இது வளர்ப்புப் பிழை” என்று தில்லைநாதன் குழுவைப் பார்த்துத் திரும்பினார். திறப்பு விழாக் குரல் வந்துவிட்டது. “பெத்தவை கவனிக்கிறேல்லை. நான் கேக்கிறன், தன்ரை பொம்பிளைப் பிள்ளை செவ்வாய்க்கிழமை பின்னேரத்திலை எங்கை போகுதெண்டு தெரியாத தேப்பன் என்ன தேப்பன்?”

அந்தக் கேள்விக்கு உலகத்திலேயே சரியான பதில் தெரிந்த ஒரே ஆள் அந்த மேசையில்தான் இருந்தார். பதில் ஒரே வசனம். அது மக்டலீனின் நாக்கில் வந்து நின்றது. அதைச் சொன்னால் தில்லைநாதன் அந்த நிமிடமே வாயடைத்துப் போவார்; கதிரை கிடைக்கும்; பராசக்தி பாஸ்; பத்து வருட எரிச்சலும் ஒரே மூச்சில் தீரும். லூர்த்தம்மாவாக இருந்தால் சொல்லியிருப்பார், சந்தை முழுக்கக் கேட்கச் சொல்லியிருப்பார். மக்டலீனுக்கு ஆசையாக இருந்தது. வெட்கக்கேடான ஆசை, ஆனால் ஆசை. கைலேஞ்சியை மடித்து விரிக்கும் இரண்டு கைகள் மட்டும் கண்ணுக்குள் வந்து குறுக்கே நின்றன.

தலையைக் குனிந்தார். குனிந்த இடத்தில் கதிரைக் கால்கள் தெரிந்தன. பிறகு நிமிர்ந்து மேசையை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். நீட்டு மேசை. யன்னல் பக்கம் அவர் தனியே. மறுபக்கம், வாசலோடு ஒட்டி, ஆறு கலாநிதிகள் கோயில் பந்தியில் இருந்தமாதிரி தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருந்தார்கள். ஏழாமவர் தில்லைநாதனின் கதிரை வாசலுக்குள்ளேயே நின்றது; பின்கால் இரண்டும் வெளி விறாந்தையில்.

“நமசிவாயம்” என்றார் மக்டலீன். குறிப்பெடுக்கச் சுவரோரம் நின்ற நமசிவாயம் திடுக்கிட்டார். “காலமை கதிரையளை எப்பிடி வைச்சனீங்கள்?”

“சுத்திவரத்தான் மிஸ். அந்தப் பக்கம் நாலு, இந்தப் பக்கம் நாலு.”

“இப்ப?”

நமசிவாயம் பேராசிரியரைப் பார்த்தார், கதிரைகளைப் பார்த்தார். ஆனால் கேட்டதைச் சொல்லாமல் விட அவரால் முடியாது. “இப்ப எல்லாம் இந்தப் பக்கம். எல்லாக் கூட்டத்திலையும் இப்பிடித்தான் மிஸ். குண்டு போடுற பொம்மர் வரத் தொடங்கின காலத்திலையிருந்து. முடிஞ்சாப் பிறகு நான்தான் திருப்பி இழுத்து அடுக்கிறனான்.”

கதிரவேலு தன் கதிரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் மெதுவாக அரை அடி தள்ளினார். தள்ள இடம் இருக்கவில்லை.

“பரீட்சை ரகசியம் கதைக்கிற கூட்டமெல்லோ சேர்” என்றார் மக்டலீன். “கதவு ஏன் சாத்தேல்லை?”

தில்லைநாதன் திரும்பித் தன் கதிரையின் பின்கால்களைப் பார்த்தார். “காத்து வரட்டுமெண்டு” என்றார்.

“நல்லது. அந்தப் பிள்ளைக்கும் காத்து வரட்டும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு முதல்தடவையாக எல்லாருக்கும் விசயம் விளங்கிவிட்டது. அதனாலேயே ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்க விரும்பவில்லை. கதிரவேலு, கதவு திறந்திருந்தால் பேப்பர் பறக்குமே என்றார். கல் வைக்கலாம் என்றார் மக்டலீன். கல்லின் நிறை பற்றிக் கொஞ்சம் கதைத்தார்கள். பிறகு தில்லைநாதன் சொல்லச் சொல்ல நமசிவாயம் எழுதினார்: ‘காற்றோட்டக் காரணங்களுக்காக, குறித்த மாணவிக்கு வாசலருகே ஆசனம் வழங்கக் குழு இணங்குகிறது.’ ஏழு கலாநிதிகள் கையெழுத்து வைத்தார்கள்.

பரீட்சை நாளன்று மக்டலீன் விறாந்தையில் போய் நின்றார். நின்றது நல்லதாயிற்று. வாசலோரக் கதிரையில் பிரதம மேற்பார்வையாளர் ஏற்கெனவே வசதியாகக் காலை நீட்டி இருந்தார். தில்லைநாதன்தான். பராசக்தி அனுமதி அட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். உதடு வெளிறத் தொடங்கியிருந்தது.

“சேர், அது அந்தப் பிள்ளையின்ரை கதிரை.”

“ஆ... ஓம் ஓம். சும்மா இருந்து பாத்தனான்.” எழும்பி, இன்னொரு கதிரையை இழுத்து ஒரு அடி தள்ளிப் போட்டார். பிறகு யோசித்துவிட்டு அதையும் தூக்கிக்கொண்டு வெளியே விறாந்தைக்கு வந்தார். “இஞ்சையிருந்தும் பாக்கலாம்” என்றார்.

பதினொரு மணிக்குத் தெற்கே எங்கேயோ ஹெலிச் சத்தம் கேட்டது. மண்டபம் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. தில்லைநாதன் எழும்பிப் படியில் இறங்கி நின்றார். பராசக்தி கல்லைத் தூக்கி, எழுதி முடித்த தாளை அடியில் வைத்து, திரும்பக் கல்லை வைத்து, அடுத்த தாளை எடுத்தாள். மணி அடிக்கும்வரை எழுதினாள். பெறுபேறு வந்தபோது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. ‘காற்றோட்டம்’ எந்த வருத்தத்தின் மறுபெயர் என்று கரவெட்டியில் ஒருவருக்கும் தெரியவரவில்லை. அதை வாசித்த நமசிவாயத்துக்கே விளங்கவில்லை.

பரீட்சை முடிந்த அடுத்த செவ்வாய் பின்னேரம், வேப்பமரத்தின் கீழே நீலச் சைக்கிள் நின்றது. மக்டலீன் தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொண்டு திரும்பி வரும்போது தில்லைநாதன் அதற்குப் பக்கத்தில் நின்று கூடையை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியளோ மிஸ்? சோதினையும் எழுதியாச்சு, இன்னும் வருது. கதிரையாலை மாறுற வருத்தமில்லையெண்டு நான் அண்டைக்கே சொன்னனான்.”

“ஓம் சேர். சொன்னனீங்கள்.”

“உதின்ரை தேப்பனைக் கூப்பிட்டு ஒருக்காக் கதைக்க வேணும்.”

மக்டலீன் அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்தார். இரண்டு வருடமாக ‘கொழும்பிலை படிக்கிறான்’ என்று சொல்லிச் சொல்லி ஒரு பக்கமாக இழுபட்டுப்போன முகம். அதில் இரக்கப்படவும் இடம் இருந்தது. அன்றைக்கு மக்டலீனால் அவ்வளவு முடியவில்லை.

“கதைக்கத்தான் வேணும் சேர்” என்றார். “பிள்ளை ஓமெண்டு சொன்னாக் கூப்பிடலாம். கேட்டுப்பாக்கிறன்.”

“கேட்கிறதென்ன, பிள்ளையிட்டையோ கேட்கிறது? கண்டறியாத முறை” என்று சொல்லிக்கொண்டு அவர் கன்ரீன் பக்கம் போனார்.

உள்ளே அருந்ததி அலுமாரிக்குப் பின்னால் நின்றிருந்தாள். குரலை அடையாளம் கண்டு ஒளித்திருக்கிறாள். கைலேஞ்சி கைக்குள் உருண்டையாகிக் கிடந்தது.

“அப்பா என்ன சொன்னவர் மிஸ்?”

“அந்தச் சைக்கிள்காரப் பிள்ளையின்ரை தேப்பனோடை கதைக்க வேணுமாம்.”

அருந்ததிக்கு விளங்க ஒரு நொடி எடுத்தது. பிறகு சிரிப்பு வந்தது. கைலேஞ்சியை வாயில் பொத்திக்கொண்டு, அலுமாரியில் சாய்ந்து, கண்ணீர் வரச் சிரித்தாள். இத்தனை மாதத்தில் மக்டலீன் அந்தப் பிள்ளையின் சிரிப்பைக் கண்டது அன்றுதான்.

சிரித்து முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, “கூப்பிடுவமோ?” என்று கேட்டார்.

அருந்ததி முகத்தைத் துடைத்தாள். கதவிடுக்கால் நீலச் சைக்கிளைப் பார்த்தாள். அதற்கப்பால் கன்ரீன் பாதையில் போகும் முதுகையும் பார்த்தாள்.

“வாற செவ்வாய் சொல்லுறன் மிஸ்” என்றாள்.